கற்பூர மர இலையும் தாளிசபத்திரியும்: குழந்தையின் இளைப்புக்கு வீட்டில் எதைச் செய்யலாம்?

கேள்வி: திருச்சியிலிருந்து ஒரு தாய், 3 நவம்பர் 2023

“கோத்தகிரியில் இருக்கும் என் நாத்தனார் ஒரு சாக்கு நிறையக் கற்பூர மர இலை கொடுத்தனுப்பியிருக்கிறார். என் மகனுக்கு ஆறு வயது. மழைக்காலம் தொடங்கிவிட்டால் இரவெல்லாம் இருமலும் இளைப்புமாகத் தவிக்கிறான். வருடம் முழுவதும் பச்சையாகவே நிற்கும் மரங்கள் எல்லாம் நெஞ்சுக்கு நல்லவை, எந்த இலையையும் கஷாயம் வைக்கலாம் என்று நாத்தனார் சொல்கிறார். எவ்வளவு இலை போட்டுக் காய்ச்ச வேண்டும், எத்தனை வேளை கொடுக்க வேண்டும்?”

3 நவம்பர், இரவு 9.40

கொடுக்காதீர்கள். கற்பூர மர இலையை, அதாவது யூகலிப்டஸ் இலையைக் கஷாயமாகவோ, அதன் தைலத்தைச் சொட்டுக் கணக்கிலோ ஆறு வயதுக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. இன்றிரவே அடுப்பில் வைக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் நிறுத்திவிட்டு மீதியைப் படியுங்கள்.

என் தந்தை கோத்தகிரிக்கு அருகில் தைலம் காய்ச்சும் கொட்டகை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். பெரிய கொப்பரையில் இலையை மிதித்து அடைத்து, அடியில் தண்ணீர் விட்டு, மூடியைச் சுற்றிக் களிமண் பூசி, விறகை மூட்டிவிட்டால், ஆவி ஒரு நீண்ட குழாய் வழியாகக் குளிர்ந்த நீர்த் தொட்டிக்குள் போய், மறுமுனையில் தண்ணீரும் தைலமுமாகச் சொட்டும். தைலம் மேலே மிதக்கும், அதை வழித்தெடுப்பார்கள். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோவை ஒட்டியே தைலம் கிடைக்கும். ஒரு சாக்கு இலையின் வீரியம் முழுவதும் ஒரு சிறு குப்பிக்குள் அடங்கிவிடுகிறது என்றால், அந்தக் குப்பி எவ்வளவு கடுமையானதாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சிறு குழந்தைகள் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி லிட்டர் விழுங்கிய அளவிலேயே வலிப்பும் நினைவிழப்பும் வந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. இலைக் கஷாயத்தில் தைலம் குறைவாகத்தான் இறங்கும். ஆனால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அளக்க நம் அடுப்படியில் எந்த வழியும் கிடையாது.

பச்சை மாறாத மரம் எல்லாம் நெஞ்சுக்கு நல்லது என்ற பேச்சுக்கு ஒரே பதில்தான். நம் வீட்டு வாசலில் நிற்கும் மஞ்சள் அரளியும் இலை உதிர்க்காத மரம்தான்.

குழந்தைக்கு மூக்கடைப்பு மட்டும் இருந்தால், ஒரு கைப்பிடி இலையை வெந்நீரில் போட்டு, நீங்கள் கூடவே இருந்து, ஐந்து நிமிடம் ஆவி பிடிக்க வைக்கலாம்.

4 நவம்பர், காலை 6.15

நேற்றிரவு கடைசியாக எழுதிய வரியைத் திரும்பப் பெறுகிறேன். இரவு முழுவதும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. நீங்கள் கேட்டது மூக்கடைப்பைப் பற்றி அல்ல, இளைப்பைப் பற்றி. இளைப்பு உள்ள குழந்தைக்குக் காரமான வாசனை எதுவாக இருந்தாலும், அதுவே மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும். அகர்பத்திப் புகை ஆகாத குழந்தைக்குக் கற்பூர மர ஆவி மட்டும் ஆகும் என்று எந்தத் துணிவில் எழுதினேன் என்று தெரியவில்லை.

இரண்டாவது, வெந்நீர்ப் பாத்திரம். என் தங்கையின் மகன் நான்கு வயதில் போர்வைக்குள் ஆவி பிடிக்கும்போது காலை நீட்டிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டான். தொடையிலிருந்து முழங்கால் வரை வெந்துபோயிற்று. தங்கை பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ‘கூடவே இருந்து’ என்று நான் எழுதிய அந்தச் சொல்லுக்கு எந்தப் பயனும் இல்லை என்பதை அவளைப் போல் அறிந்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது. ஆவி பிடித்து வெந்துபோன குழந்தைகளைப் பற்றித் தீக்காயச் சிகிச்சை மருத்துவர்கள் பல நாடுகளிலும் எழுதியிருக்கிறார்கள்.

சாதாரணச் சளிக்கு ஆவி பிடிப்பதால் நோய் விரைவில் குணமாகிறதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழுவினருக்கும் உறுதியான பலன் எதுவும் தென்படவில்லை. இதமாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கும் இதமாகத்தான் இருக்கிறது. பெரியவர்கள் மேசை மேல் பாத்திரத்தை அசையாமல் வைத்துப் பிடித்துக்கொள்ளட்டும். குழந்தைக்கு வேண்டாம்.

4 நவம்பர், இரவு

கரூரிலிருந்து ஒருவர், தம் தோப்பில் தைல மரம் ஏக்கர் கணக்கில் நிற்கிறது என்றும், அந்த இலையும் ஊட்டி இலையும் ஒன்றுதானே என்றும் கேட்டிருக்கிறார். ஒன்றல்ல.

நீலகிரியில் நாங்கள் கற்பூர மரம் என்று சொல்வது யூகலிப்டஸ் குளோபுலஸ். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கும் தாஸ்மேனியாவும் அதன் தாயகம். விறகுத் தட்டுப்பாட்டுக்காக 1843-இல் கேப்டன் காட்டன் என்பவர் இங்கே கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். சமவெளியில் காகித ஆலைக்காக வளர்ப்பது பெரும்பாலும் யூகலிப்டஸ் டெரெட்டிகார்னிஸ் வகையும் அதன் கலப்புகளும். நெஞ்சுக்கு வேலை செய்வதாகச் சொல்லப்படும் சினியோல் என்ற பொருள் குளோபுலஸ் தைலத்தில் நூற்றுக்கு 60 முதல் 85 பங்கு வரை இருக்கும். சமவெளி மரத்தில் அது மிகவும் குறைவு. எலுமிச்சை வாசனை அடிக்கும் இன்னொரு வகையும் உண்டு. அதில் இருப்பது சிட்ரோனெல்லால்; அது கொசுவுக்கு ஆகும், சளிக்கு ஆகாது.

அடையாளம் காண்பது கடினமல்ல. குளோபுலஸின் இளங்கன்றில் இலைகள் காம்பில்லாமல் எதிரெதிராக, விபூதி பூசியது போல் நீலவெண்மையாக இருக்கும். தண்டைத் தடவினால் நான்கு பட்டையாகச் சதுரமாக இருக்கும். மரம் வளர்ந்த பிறகு அதே கிளையில் அரிவாள் போல் வளைந்த நீள இலைகள் தொங்கும். ஒரே மரத்தின் இரண்டு இலைகள் என்று சொன்னால் புதியவர்கள் நம்ப மாட்டார்கள். என் தந்தை இலையை இரண்டாக மடித்துக் கசக்கி, மூக்கருகே கொண்டுபோகாமல் ஒரு முழத் தூரத்திலேயே வைத்து முகர்ந்து பார்ப்பார். அந்தத் தூரத்தில் வாசனை எட்டினால்தான் அந்தச் சுமையைக் கொப்பரையில் ஏற்றுவார்.

7 நவம்பர்

சேலத்து நண்பர் ஒருவர் வலுவான மறுப்பு எழுதியிருக்கிறார்: ‘உள்ளுக்குக் கூடாது என்கிறீர்கள், ஜெர்மனியில் சினியோல் குளிகையை மூச்சுக்குழாய் அழற்சிக்கும் சைனஸுக்கும் மருத்துவர்களே கொடுக்கிறார்களே?’

உண்மை. கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு குளிகையில் 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று என்பது அங்கே வழக்கமான அளவு. அந்தக் குளிகை இரைப்பையில் கரையாமல் குடலில் கரையும்படி செய்யப்பட்டது; உள்ளே இருப்பது பிரித்தெடுத்த சினியோல். இப்போது கணக்குப் போடுங்கள். கடைத் தைலம் ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ நான்கரை கிராம் எடை. அதில் நூற்றுக்கு எழுபது பங்கு சினியோல் என்றால் மூன்று கிராமுக்கு மேல் வருகிறது. ஜெர்மனியில் ஒரு பெரியவர் ஐந்து நாளில் சாப்பிடுவதை ஒரு கரண்டியில் விழுங்குவதற்கு அது சமம். நண்பர் காட்டிய சான்று என் கருத்தைத்தான் வலுப்படுத்துகிறது: மருந்து என்றால் அளவு வேண்டும்.

மூக்கு ‘திறந்துகொள்வது’ பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூக்கின் உட்தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. புதினா உப்பும் (மென்தால்) சினியோலும் அவற்றைத் தூண்டுகின்றன. அதனால் காற்று தாராளமாகப் போவது போன்ற உணர்வு வருகிறது. வீக்கம் அப்படியே இருக்கும்போதும் இந்த உணர்வு வந்துவிடும். இளைப்புக் குழந்தையைப் பொறுத்தவரை எனக்கு இதுவே பெரிய அச்சம். தைலத்தைத் தடவியதும் ‘இப்போது பரவாயில்லை’ என்று குழந்தை சொல்லும், நாம் மருத்துவமனைக்குப் புறப்படுவதைத் தள்ளிப்போடுவோம்.

10 நவம்பர்

தாளிசபத்திரி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இதை விரிவாகவே எழுத வேண்டும்.

தாளிசபத்திரி இமயமலையில் கடல்மட்டத்துக்கு மேல் மூவாயிரம் மீட்டரை ஒட்டிய உயரத்தில் வளரும் ஒரு பசுமை மாறா ஊசியிலை மரத்தின் இலை. நம் ஊரில் வளராத அந்த மரத்தின் இலை நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் தலைமுறை தலைமுறையாகப் பொட்டலத்தில் கிடைக்கிறது. சித்த மருத்துவத்தில் தாளிசாதி சூரணம் என்றும், ஆயுர்வேதத்தில் தாலீசாதி சூர்ணம் என்றும் இருமலுக்குக் கொடுப்பது இதன் பெயரைக் கொண்ட மருந்துதான். ஆயுர்வேத அளவு எனக்கு மனப்பாடம்: தாளிசபத்திரி ஒரு பங்கு, மிளகு இரண்டு, சுக்கு மூன்று, திப்பிலி நான்கு, மூங்கிலுப்பு ஐந்து, ஏலமும் இலவங்கப்பட்டையும் அரை அரைப் பங்கு, கற்கண்டு முப்பத்திரண்டு பங்கு. மொத்தம் நாற்பத்தெட்டுப் பங்கில் மர இலை ஒரே ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். செய்தவர்கள் அளவறிந்து செய்திருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், ‘தாளிசபத்திரி’ என்ற ஒரே பெயரில் இரண்டு மரங்களின் இலைகள் சந்தையில் உலவுகின்றன. ஒன்று ஏபிஸ் என்னும், தேவதாருவின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். மற்றொன்று டாக்சஸ் என்னும் வேறோர் ஊசியிலை மரம். இந்த டாக்சஸில் டாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. அது நேரே இதயத்தின் துடிப்பைத் தாக்கும். காய்ந்தாலும் போகாது, கொதித்தாலும் போகாது. விதையைச் சுற்றியுள்ள சிவந்த சதையைத் தவிர அந்த மரத்தில் எல்லாப் பாகமும் நஞ்சுதான். புற்றுநோய்க்குக் கொடுக்கும் பக்லிடாக்சல் மருந்து அதே இனத்திலிருந்து வந்தது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அந்த மருந்தை மருத்துவமனையில் ஊசி வழியாக, ஒவ்வொரு மில்லிகிராமையும் கணக்கிட்டு ஏற்றுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நேற்று எங்கள் ஊர்க் கடையில் ஐம்பது கிராம் வாங்கிவந்து மேசையில் வெள்ளைத் தாளைப் பரப்பிக் கொட்டினேன். பழுப்பும் கரும்பச்சையுமாகச் சுருண்ட ஊசிகள், ஒடிந்த குச்சிகள், கொஞ்சம் மண். கைக்கு வந்த ஊசிகளை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். சுருள் விரிந்து தட்டையாயின. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஏபிஸ் இலையின் நுனி நடுவில் வெட்டுப்பட்டது போல் இரண்டாகப் பிளந்திருக்கும். அடிப்புறத்தில் நடு நரம்பின் இருபுறமும் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடும். நகத்தால் கீறினால் குங்கிலியம் போன்ற பிசின் வாசனை வரும். டாக்சஸ் இலையின் நுனி முள் போல் கூராக முடியும். அடிப்புறம் வெளிர்பச்சையாக இருக்கும், வெள்ளைக் கோடு இருக்காது. பிசின் நாளமே அந்த இலையில் இல்லாததால் எத்தனை முறை கீறினாலும் வாசனை வராது.

என் பொட்டலத்தில் நான் பார்த்த எல்லா ஊசிகளும் பிளந்த நுனியாகவே இருந்தன. அதனால் நாளையே நான் சூரணம் இடிப்பேன் என்று பொருள் அல்ல. உரிமம் பெற்ற மருந்தகத்தில், தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட சூரணத்தை வாங்கி, சித்த மருத்துவர் சொல்லும் அளவில் தேனில் குழைத்துச் சாப்பிடுவதே சரி. இடிப்பது, சலிப்பது, வஸ்திரகாயம் செய்வது (மெல்லிய துணியில் சலிப்பது) எல்லாம் எனக்குப் பிடித்த வேலைகள்தாம். ஆனால் என்னால் ஒரு கைப்பிடி ஊசியைத்தான் பார்க்க முடியும், ஒரு மூட்டையைப் பார்க்க முடியாது.

11 நவம்பர்

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது. ஊட்டி, கொடைக்கானல் சுற்றுலா வருகிறவர்கள் பைன் ஊசியையும் சைப்ரஸ் வேலியின் தளிரையும் பறித்துக்கொண்டு போய்த் தேநீர் வைக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் ஒன்றே ஒன்றுதான். மற்றவை எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. ஆகையால் பைன் தேநீர் நம் மலை மக்களின் பழைய வைத்தியம் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். பைன் வகைகள் சிலவற்றிலும், ஊட்டியில் வேலியாக நிற்கும் மாக்ரோகார்பா சைப்ரஸிலும் உள்ள ஒரு அமிலம் சினைமாடுகளுக்குக் கருச்சிதைவு உண்டாக்குவதாக அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் நன்கு அறிந்திருக்கிறார்கள். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

16 நவம்பர்

‘எதுவுமே செய்யக் கூடாது என்றால் இவ்வளவு எழுதுவானேன்’ என்று ஒரு அம்மா வருத்தத்தோடு கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் வீட்டில் நான் செய்வதைச் சொல்கிறேன்.

கொல்லையில் ஆடாதோடை நிற்கிறது. மரம் என்று சொல்ல முடியாது, பெரிய செடி. ஆனால் ஆண்டு முழுவதும் பச்சை. ஆடு தொடாத இலை என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஐந்து முற்றிய இலைகளைக் கழுவி, நடு நரம்பை நீக்கிக் கிள்ளிப் போட்டு, விரல் நீள அதிமதுரத்தைத் தட்டிச் சேர்த்து, இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு அரை டம்ளராகச் சுண்டும்வரை சிறு தீயில் வைக்கிறேன். கசப்பு நாக்கின் அடிவரை இறங்கும். ஆறிய பிறகு தேன் சேர்த்துக் காலையில் கால் டம்ளர், இரவில் கால் டம்ளர், மூன்று நாளைக்கு மேல் இல்லை. கெட்டிச் சளியை இளக்குவதில் இதற்கு நிகர் எனக்குத் தெரியவில்லை. மருந்துக் கடையில் இருமல் மருந்தாக விற்கும் புரோம்ஹெக்சினும் அம்புராக்சோலும் ஆடாதோடையின் வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டு உருவானவை. அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்த நோய் உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டும்.

இது அறுபத்தோரு வயதுக்காரன் தனக்காகச் செய்துகொள்வது. என் பேரனுக்கு நான் கொடுப்பது வெந்நீரும், இரவு படுக்கும்முன் அரைத் தேக்கரண்டித் தேனும் மட்டுமே. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் கூடாது.

23 நவம்பர், பின்னிரவு

தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது பற்றிக் கேட்டவருக்கு மூன்று நாளாகப் பதில் எழுதாமல் இருந்தேன். எழுத மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

1991-இல் என் மகளுக்கு எட்டு மாதம். மார்கழிக் குளிர், மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தாள். என் தாய், எங்களையெல்லாம் வளர்த்த கைப்பழக்கத்தில், நெஞ்சில் கற்பூர எண்ணெயைத் தடவிவிட்டு, விரல் நுனியில் தொட்ட தைலத்தை மூக்கின் கீழே வைத்தார். ஒரு துளிகூட இருக்காது. குழந்தையின் அழுகை பாதியில் நின்றது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. உதடு நீலமாக மாறுவதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். தலைகீழாகப் பிடித்தோம், முதுகில் தட்டினோம், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எல்லாம் செய்தோம். மூச்சு திரும்பிய பிறகுதான் ஜீப் கிடைத்தது. மருத்துவமனையில் இருந்த மருத்துவர், கைக்குழந்தையின் மூக்கருகே காரமான தைலம் பட்டால் குரல்வளை இறுகி மூடிக்கொள்ளும் என்று விளக்கினார். என் தாய் அதற்குப் பிறகு எந்தக் குழந்தையையும் மடியில் போட்டுக்கொள்ளவே தயங்கினார். அவர் மீது எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. அந்தத் தைலம் என் தந்தை காய்ச்சியது. குப்பியை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்.

பதில் இதுதான். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும். பூசைக்கு விற்கும் வில்லைகள் பெரும்பாலும் கற்பூரம் தரும் அசல் மரத்திலிருந்து (அது நாங்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ் அல்ல, வேறு மரம்) வருவதே இல்லை. பைன் மரத்து டர்ப்பன்டைனிலிருந்து ஆலையில் செய்பவை, மருந்துக்கென்று தூய்மைப்படுத்தியவை அல்ல. இரண்டு வயதுக்குக் கீழே கற்பூரம், தைலம், புதினா உப்பு எதுவும் வேண்டாம். அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் மூக்கின் உள்ளேயும் அருகிலும் கூடாது.

3 டிசம்பர்

திருச்சி அம்மா எழுதியிருக்கிறார். குழந்தையை மருத்துவரிடம் காட்டினார்களாம். ஆஸ்துமா என்று சொல்லி, உறிஞ்சும் மருந்தை நீளக் குழலோடு கொடுத்திருக்கிறார்கள். ‘இன்ஹேலர் பழகிவிட்டால் விடாது என்கிறார்களே’ என்று கவலைப்படுகிறார். பழகிப்போகும் மருந்து அல்ல அது, அம்மா. தினமும் எடுக்கச் சொன்னதை இருமல் நின்றுவிட்டது என்று நிறுத்தாதீர்கள். மழைக்காலம் முடியும்வரை என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சு வாங்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, எந்த வைத்தியத்தையும் யோசிக்காமல் புறப்பட்டுவிடுங்கள்.

சாக்கில் இருக்கும் இலையைக் குப்பையில் போட மனமில்லை என்றால், குழந்தை இல்லாத வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

5 டிசம்பர்

அவரே இன்னொன்றும் எழுதியிருக்கிறார். மாமனாருக்காக வாங்கி வைத்திருந்த தாளிசபத்திரிப் பொட்டலத்தை நான் சொன்னபடி ஊறவைத்துப் பார்த்தாராம். நாற்பது ஊசிகளை எடுத்து எண்ணியதில், இருபத்தொன்பது பிளந்த நுனி, பதினொன்று கூர் நுனி. கூர் நுனி ஊசிகளில் கோடும் இல்லை, வாசனையும் இல்லை.

அந்தப் பொட்டலத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். அவரும் மூட்டையாகத்தான் வாங்குகிறார். ஊறிய பதினொரு ஊசிகளையும் ஒரு தாளில் ஒட்டி எடுத்துப்போய்க் காட்டி, மூட்டை முழுவதையும் ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். மாமனார் அதிலிருந்து ஏற்கெனவே சாப்பிட்டிருக்கிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டிருந்தால் மீதியை எடுத்துக்கொண்டு இன்றே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நெஞ்சுப் படபடப்போ தலைச்சுற்றலோ இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.